இருபது கிலோ புழுங்கலரிசி

மே 6, திங்கள்

"நம்ம ஊட்டுக்கு வாரத்துக்கு மளிகைக்கு எவ்வளவு ஆகுது?" என்று தண்டபாணி இன்று காலை கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

தெரியவில்லை என்று எழுதவும் கூசுகிறது. இருபத்தொரு ஆண்டுகள் பொருளாதாரம் நடத்தியிருக்கிறேன். வருமானம் குறையக் குறைய அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடும் என்று கரும்பலகையில் கோடு போட்டு எத்தனையோ பிள்ளைகளுக்கு விளக்கியிருப்பேன். என் வீடு அந்தக் கோட்டில் எங்கே இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

"ஆயிரத்தி ஐநூறு இருக்கும், தோராயமா" என்றேன்.

"தோராயமாச் சொல்றதுக்கு எம்.ஃபில். எதுக்கு?" என்றார். சிரிக்கவைக்கத்தான் சொன்னார். இருவருமே சிரிக்கவில்லை.

ஏப்ரல் கடைசி வாரத்தில் கல்லூரி நிர்வாகம் எங்கள் துறையை மூடிவிட்டது. இரண்டு வருடமாக பி.ஏ. பொருளாதாரத்துக்கு யாரும் சேரவில்லை. வயதில் சிறிய இரண்டு பேரை வேறு துறைக்கு மாற்றினார்கள். எனக்கு ஒரு பொன்னாடையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். கடிகாரம் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. தண்டபாணி பம்ப் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அவர் சம்பளம் வீட்டுக் கடனுக்கும், சென்னையில் படிக்கும் இலக்கியாவின் விடுதிக்கும் போய்விடும். மற்ற எல்லாம் என் சம்பளத்தில் நடந்தன. இனி இந்த வீடு எதில் நடக்கும் என்பதுதான் அவருடைய கேள்வி. மரியாதைக்கு மளிகை என்று கேட்டார்.

கல்லூரிக்கு வெளியே விஷயம் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். மற்றவர்களைப் பொறுத்தவரை எனக்குக் கோடை விடுமுறை. மே மாதத்தில் அது பொய்யும் இல்லை.

மே 7, செவ்வாய்

பால் மளிகையில் சேருமா? காய்கறி? கேஸ்? எதைக் கணக்கில் எடுப்பது என்று முடிவு செய்யவே அரை நாள் போய்விட்டது. வகுப்பில் ஒரு மாணவி இப்படிக் கேட்டிருந்தால், "முதலில் எழுத ஆரம்பி" என்றிருப்பேன்.

மே 9, வியாழன்

நாகமணியோடு ரேஷன் கடைக்குப் போய்வந்தேன்.

எங்கள் அட்டைக்கு மாதம் இருபது கிலோ புழுங்கலரிசி விலையில்லாமல் உண்டு. நாங்கள் அதைச் சாப்பிட்டதில்லை. சர்க்கரையும் பருப்பும் எங்களுக்கு, அரிசி வீட்டு வேலைக்கு வரும் நாகமணிக்கு. இந்தத் தெருவில் பல வீடுகளில் இதே ஏற்பாடுதான். முன்பு அட்டையையே அவளிடம் கொடுத்துவிடுவோம். கைரேகை வந்த பிறகு வீட்டாள் ஒருவர் போய் விரல் வைக்க வேண்டியிருப்பதால், மாதம் ஒருமுறை அவளை ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்து அழைத்துப்போகிறேன். நான் விரல் வைப்பேன், அவள் பை பிடிப்பாள். திரும்பும்போது பை என் காலடியில் இருக்கும். மாவு மில் முக்கில் இறக்கிவிட்டால் அங்கிருந்து அவள் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

பை, எங்கள் பழைய சோபா உறைத் துணியில் அவளே தைத்தது. பச்சைத் துணியில் பெரிய மஞ்சள் பூக்கள். வரிசையில் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும்.

"ஏனுங்கக்கா, லீவுன்னா லீவு மாதிரி இருக்கோணும். உங்க மூஞ்சியப் பாத்தா பரிச்சப் பேப்பர் திருத்தற மாதிரியே இருக்குது" என்றாள்.

"வெயில்" என்றேன்.

"வெயிலு எல்லாத்துக்குந்தான் அடிக்குது. ஒங்களுக்கு மட்டும் மார்க் போடுதா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பகலில் இந்த வீட்டில் என்னோடு பேசுகிற ஆள் இவள் ஒருத்திதான்.

வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்துவந்த ஒரே தானம் அரசாங்கத்துடைய அரிசி என்பது விரல் வைக்கும்போது தோன்றியது. கடையில் பொன்னி அரிசி கிலோ அறுபதைத் தாண்டிவிட்டது. இரண்டு பேருக்கு இருபது கிலோ ஒரு மாதம் தாராளமாக வரும்.

தோன்றியது, அவ்வளவுதான். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மே 12, ஞாயிறு

முதல் வாரக் கணக்கு முடிந்தது. இரண்டாயிரத்து முந்நூற்று எண்பது. பாலும் காய்கறியும் சேர்த்து, இரண்டே பேருக்கு. நான் சொன்ன தோராயத்தைவிட ஏறக்குறைய தொள்ளாயிரம் அதிகம். தண்டபாணி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த ஓட்ஸ் பிஸ்கெட்டு யாரு திங்கறது?" என்றார். யாரும் தின்பதில்லை. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போட்டிருந்தார்கள்.

டிபார்ட்மெண்ட் ஸ்டோரை நிறுத்தியாயிற்று. தள்ளுவண்டி கையில் இருந்தால் அதை நிரப்பத்தான் தோன்றும். இன்று சிங்காநல்லூர் உழவர் சந்தைக்குப் போனேன். காலையில் போனால் பலகையில் எழுதிய விலை. பதினோரு மணிக்கு மேல் போனால் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் கூறு போட்டுத் தள்ளிவிடுவார்கள். தக்காளி, கத்தரி, வாடிய கீரை என்று எல்லாம் நூற்றிருபதில் முடிந்தது.

அங்கே கல்லூரிக் கண்காணிப்பாளரின் மனைவி நின்றிருந்தார். என்னைப் பார்த்தாரா தெரியாது. நான் வெங்காயக் கடைப் பக்கம் போய் அவர் போகும்வரை வெங்காயம் பொறுக்கினேன். அதனால் தேவைக்கு மேல் இரண்டு கிலோ வெங்காயம்.

மே 15, புதன்

காபித்தூளில் சிக்கரியைக் கூட்டிவிட்டேன். மாவு பாக்கெட் வாரம் மூன்றிலிருந்து இரண்டு. அந்த இட்லி மாவை நாகமணிதான் வரும் வழியில் ரேணுகா கடையில் வாங்கிவருவாள்.

இன்று பாத்திரம் கழுவிக்கொண்டே, ரயில்வே கேட் பக்கம் புதிதாக வந்திருக்கும் அபார்ட்மெண்டில் அவளைக் கூப்பிட்டார்கள் என்றாள். மாதம் மூவாயிரத்து ஐநூறு. நாங்கள் கொடுப்பதைவிட ஆயிரம் அதிகம்.

"ஆனா காலைல ஏழு மணிக்கே வரச் சொல்றாங்க்கா. நீங்க காலேஜு போறதுக்கு முன்னால உங்க ஊட்ட முடிக்கோணுமில்ல? அதான் வேண்டாம்னு சொல்லிப்போட்டன்."

"சரி" என்றேன்.

தக்காளி நாளைக்கும் இதே விலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் வாங்கி ஊறுகாயாகப் போட்டால் ஒரு மாதம் வரும்.

மே 18, சனி

கைப்பேசியில் ஒரு பெண் 'மாதம் மூவாயிரத்தில் மொத்த மளிகை' என்று விளக்கினாள். அவளுக்குப் பின்னால் அலமாரியில் வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். அந்த ஜாடிகளுக்கே ஐயாயிரம் ஆகியிருக்கும். அவள் சொன்னதில் நம்பக்கூடியதாக ஒன்று இருந்தது. மொத்தக் கடையில் வாங்கினால் கிலோவுக்குப் பத்து, பதினைந்து குறையும் என்றாள்.

பஸ் பிடித்து ரங்கே கவுடர் வீதிக்குப் போனேன். துவரம்பருப்பு பத்து கிலோ, கொள்ளு ஐந்து கிலோ, புளி, மிளகாய். சுமைக்கூலி, ஆட்டோ. வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தால் மிச்சம் நாற்பது ரூபாய்.

பருப்பு ஐந்து மாதத்துக்கு வரும் என்று தண்டபாணியிடம் சொன்னேன். நாற்பது ரூபாயைப் பற்றிச் சொல்லவில்லை.

மே 21, செவ்வாய்

போன வாரம் ஆயிரத்து எழுநூறு. மொத்தமாக வாங்கியதைச் சேர்க்கவில்லை. சேர்க்காதது சரியா என்று தெரியவில்லை.

மே 24, வெள்ளி

இலக்கியா அழைத்தாள். ஒரு கம்பெனியில் பயிற்சி என்று விடுமுறைக்கும் சென்னையிலேயே இருக்கிறாள்.

"அம்மா, உனக்குக் காலேஜ் எப்பத் தெறக்குது?"

"ஜூன் நடுவுல."

"இந்த வருசமாச்சும் உங்க டிபார்ட்மெண்டுக்கு அட்மிஷன் இருக்கா?"

"பாக்கலாம்."

"என்னமோ மாதிரிப் பேசற. அப்பா எதும் சொன்னாரா?"

"ஒண்ணுமில்ல, தொண்டை கட்டியிருக்கு" என்றேன். சுக்கு போட்டுக் குடிக்கச் சொன்னாள். சுக்கு இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

மே 29, புதன்

பருப்பில் வண்டு. மூட்டையிலேயே இருந்திருக்க வேண்டும், ஒரு வாரமாகப் பெய்த மழையில் பெருகிவிட்டது. இன்றுதான் வெயில். பத்து கிலோவையும் மொட்டை மாடியில் விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தேன். நாகமணி துணி உலர்த்த வந்தவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இத்தன பருப்பு எதுக்குங்க்கா? இலக்கியாவுக்குக் கல்யாணமா? எங்கிட்டச் சொல்லவேயில்ல?"

"வெல கொறையுன்னு வாங்கினேன்."

"வண்டும் வெல கொறையுன்னுதான் வந்திருக்குது."

பிறகு அவளும் உட்கார்ந்து பொறுக்கினாள். அவள் பெரிய பையனுக்கு ஐ.டி.ஐ.யில் சேர இடம் கிடைத்திருக்கிறதாம். சீருடை, ஷூ, பஸ் பாஸ் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் புருஷன் லோடு வண்டி ஓட்டுகிறான். பாதி நாள் வண்டிக்கு வேலை இல்லை.

"அந்த அபார்ட்மெண்ட் ஊட்ல மறுக்காவும் ஆளு சொல்லி உட்டாங்க. ஒரே பேச்சா முடியாதுன்னுட்டன். ஒம்பது வருசப் பழக்கத்த உட்டுப்போட்டு ஆயிரத்துக்கு ஓடுனா நல்லாவா இருக்கும்?"

பருப்பில் பாதி தேறும். மீதியைக் குப்பையில் கொட்ட மனம் வரவில்லை, தனியாக வைத்திருக்கிறேன்.

ஜூன் 2, ஞாயிறு

மதியம் அரிசிம்பருப்புச் சாதம். இந்த வாரத்தில் மூன்றாம் முறை. தண்டபாணி குறையொன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். பிறகு என் கணக்குத் தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"சிக்கரிய கூட்டியாச்சு, பிஸ்கெட்ட நிறுத்தியாச்சு. இதெல்லாம் சரிதான். இந்தத் தாள்ல இல்லாத செலவுதானே பெருசு."

"எது?"

"ஒனக்குத் தெரியாதா?"

கொடியில் துணி கிடந்தது, மழை வரும்போல் இருந்தது. எடுக்கப் போய்விட்டேன்.

சாயங்காலம் அவரே தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். "நா ஒண்ணும் கொடுமக்காரன் இல்ல கோதை. ஆனா ஊட்ல நீ இருக்கற. ரெண்டு பேரு பாத்திரம். அதுக்கு ஒரு ஆளு. நாலு பேரு கேட்டா என்ன சொல்லுவ?"

நாலு பேர் கேட்பார்கள் என்பதால்தானே ஆள் வைத்திருக்கிறோம் என்று சொல்ல நினைத்தேன். தேநீரைக் குடித்தேன்.

ஜூன் 5, புதன்

நாகமணி இன்று வரவில்லை, பையனைச் சேர்க்கப் போயிருக்கிறாள். மாவு வாங்க நானே ரேணுகா கடைக்குப் போனேன். மாவு மில்லை ஒட்டிய சந்தில் முதல் வீடு அது. முன்னறையில் இரண்டு கிரைண்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் அங்கே போனது இதுவே முதல்முறை.

கிரைண்டர் பக்கத்தில் சுவரோரமாகப் பச்சையும் மஞ்சளுமாக ஒரு பை இருந்தது. எங்கள் சோபா. வாய் திறந்திருந்தது, உள்ளே கால்வாசி அரிசி.

"இது யார் கொடுத்த அரிசி?" என்றேன்.

"நம்ம நாகமணியக்கா போட்டதுங்க. மாசாமாசம் கொண்டாந்து போட்டுருவாங்க. கிலோ பன்னண்டு ரூபான்னு எடுத்துக்கறன்." ரேணுகாவுக்கு என்னைத் தெரியாது. "ரேசன் அரிசின்னு யோசிக்காதீங்க. இட்லிக்கு இந்த அரிசியிலதான் மாவு பொங்கும். இந்தப் பக்கம் டீச்சருங்க எல்லாம் நம்மகிட்டத்தான் வாங்கறாங்க."

அரைக் கிலோ பாக்கெட் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, ஒரு கிலோதான், ஐம்பது ரூபாய் என்றாள். கொடுத்து வாங்கிவந்தேன்.

அதாவது, அந்த அரிசி என் விரலில் தொடங்கி, இருபது கிலோவாக நாகமணியிடம் போய், இருநூற்று நாற்பது ரூபாயாகி, உளுந்தோடு ஆட்டி, பாக்கெட்டில் அடைத்து, வாரம் நூற்றைம்பது கொடுத்து நானே திரும்ப வாங்கியிருக்கிறேன். எத்தனை வருடமாக என்று கணக்குப் போட விருப்பமில்லை. உற்பத்தி, பகிர்வு, நுகர்வு. மூன்று அத்தியாயமும் ஒரே சந்துக்குள்.

ஜூன் 6, வியாழன்

தண்டபாணியிடம் சொன்னேன். சட்டையில் தண்ணீர் சிந்தும் அளவுக்குச் சிரித்தார். ஏப்ரலுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். எனக்கும் சிரிப்பு வந்தது. இருவரும் இட்லியைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தோம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "அப்ப வேல சுலபமாப் போச்சு. 'நாங்க குடுத்த அரிசிய வித்திருக்கற, இனி வேண்டாம்'னு அவகிட்டச் சொல்லி நிறுத்திரு. சம்பளம் குடுக்க முடியலன்னு சொல்ல வேண்டியதில்ல பாரு."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் சொன்னது தவறு என்பதால் அல்ல. ரேணுகா கடையிலிருந்து வரும் வழியிலேயே அதே யோசனை எனக்கும் வந்துவிட்டிருந்தது.

ஜூன் 9, ஞாயிறு

நேற்றும் இன்றும் நாகமணி வழக்கம்போல் வந்தாள். அரிசியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவள் கை வைத்த பாத்திரத்தை எல்லாம் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுத்தமாகத்தான் இருந்தன.

மாலை எதிர்வீட்டு ஜெயந்தி கேட்டருகே நின்று பேசினார். அவர் வீட்டிலும் நாகமணிதான்.

"வெள்ளி டம்ளர் ஒண்ணு காணோமுங்க. எங்கயாச்சும் கெடக்கும்னு தேடிட்டிருக்கறன். நாகமணி எப்படிங்க? நீங்கதான பழைய ஆளு. கையி சுத்தந்தானே?"

ஒரு வார்த்தை போதும். அரிசியைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னால், டம்ளர் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்தத் தெருவில் அவளுக்கு வேலை இருக்காது. என் வீட்டிலிருந்து அவள் நின்றதற்கும் காரணம் கிடைத்துவிடும். யாரும் என்னை ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

"ஒம்பது வருசத்துல ஒரு ஸ்பூன் காணாமப் போனதில்ல" என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். சொல்வதற்கு முன்னால் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன் என்பதை ஜெயந்தி கவனித்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

ஜூன் 11, செவ்வாய்

டம்ளர் ஜெயந்தி வீட்டுப் பூஜை அறையிலேயே கிடைத்துவிட்டதாம்.

நாளை ரேஷன். நாகமணியிடம் சொல்ல வேண்டியதை முடிவு செய்துவிட்டேன். யார் பெயரும் கெடாது, தெருவுக்கும் தெரியவேண்டியதில்லை. எங்கள் இருவருக்குள் முடியும். சொல்லப்போவது இதுதான்: "நீ அரிசியை விற்பது எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லமாட்டேன். ஆனால் இனி அரிசி கொடுக்க எனக்கு மனமில்லை. இந்த மாதத்தோடு வேலையையும் நிறுத்திக்கொள்வோம்." குரலை உயர்த்தமாட்டேன். ஜூன் சம்பளத்தை முழுதாகக் கொடுத்துவிடுவேன். கல்லூரி என்ற பேச்சே வராது.

படித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. வெள்ளைச் சாக்கு ஒன்றை மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 12, புதன்

நேற்று எழுதியபடி எதுவும் நடக்கவில்லை. நடந்தது இது.

வரிசையில் எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நாகமணி சோபா பையைத் தலைக்கு மேல் வெயிலுக்குப் பிடித்திருந்தாள். நான் அந்த வாக்கியத்தைத் தொடங்க இருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அக்கா, திங்கக்கெழம காலேஜு தெறக்குதுங்களா? பையனுக்கு சோறு கட்டிக் குடுத்துட்டு வாரதுக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும். ஆனா நீங்க கெளம்பறதுக்குள்ள முடிச்சுக் குடுத்தர்றன். லேட்டாச்சுன்னு மூஞ்சியத் தூக்காதீங்க, என்ன?"

"காலேஜ் இல்ல, நாகமணி."

"இன்னும் லீவா? குடுத்து வெச்சவங்க."

"லீவு இல்ல. எனக்கு வேலை போயிடுச்சு."

வரிசையில் முன்னால் நின்ற அம்மா திரும்பிப் பார்த்தார். நாகமணி பையைக் கீழே இறக்கினாள்.

"எப்பங்க?"

"ஏப்ரல்ல."

வரிசை ஓரடி நகர்ந்தது. நாங்களும் நகர்ந்தோம்.

"அப்ப நா அந்த அபார்ட்மெண்ட் ஊட்டப் பத்திச் சொன்னது?"

"அதுக்கு முன்னாடியே."

"மொட்ட மாடியில பருப்புப் பொறுக்குனப்ப?"

"அப்பவும்."

"ரெண்டு தடவ சொன்னனே." அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "சரின்னீங்க. வாயத் தொறந்து, 'போ நாகமணி, அங்க சேந்துக்க'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நா ஏழு மணிக்குப் போயிருப்பனே. இப்ப பள்ளிக்கூடம் தெறந்தாச்சு, எல்லா ஊட்லயும் ஆளு வெச்சுட்டாங்க. அந்த ஊட்ல போன வாரமே ஒருத்தி சேந்துட்டா. நா எங்க போவன்?"

அந்த நேரத்தில் நான் சொன்னது, இப்போது எழுதவும் பிடிக்கவில்லை, இதுதான்: "நீ அரிசிய விக்கறது எனக்குத் தெரியும்."

நாகமணி என்னைப் பார்த்தாள். பயப்படவில்லை.

"ஆமாங்க, விக்கறன். எங்களுக்கு எங்க கார்டு அரிசியே போதும். குடுத்ததுதானுங்களே? குடுத்ததுக்கப்பறம் நா தின்னா என்ன, வித்தா என்ன? இந்தப் பையும் உங்க சோபா துணிதான். அதையுங் கேப்பீங்களா?"

"அடுத்தது யாருங்க? கைய வைங்க" என்றார் கடைக்காரர். எங்கள் முறை வந்திருந்தது.

விரலை வைத்தேன். முதல் தடவை மிஷின் எடுக்கவில்லை, துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். அரிசியை எடை போட்டுவிட்டுக் கடைக்காரர் தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றார். நாகமணி பையைப் பிடிக்கவில்லை. என் சாக்கு கைப்பையில் இருந்தது. "பையக் காட்டுங்கம்மா, பின்னால ஆளு நிக்குது" என்றார். நான் அவள் கையிலிருந்த சோபா பையை வாங்கி விரித்துப் பிடித்தேன். முன்பு ஒருநாளும் பிடித்ததில்லை. அரிசி விழும்போது அவ்வளவு கனம் இழுக்கும் என்று தெரியாமல் முன்னால் சாய்ந்துவிட்டேன். நாகமணி மறுபக்கக் காதைப் பிடித்துக்கொண்டாள்.

அப்படியே இருவரும் ஆளுக்கொரு காதாகப் பிடித்து ஸ்கூட்டிக்குக் கொண்டுவந்தோம்.

அவள் பின்னால் உட்கார்ந்தாள். மாவு மில்லுக்கு முன்னால் பாதை பிரியும். வலப்பக்கம் திரும்பினால் எங்கள் வீடு. நேற்றுப் போட்ட திட்டப்படி அங்கேதான் போயிருக்க வேண்டும். நான் இடப்பக்கம் திருப்பினேன்.

"உங்க ஊடு அந்தப் பக்கமுங்க."

"தெரியும். இந்த மாச அரிசி உனக்கு. ஜூலையிலிருந்து எங்களுக்கு வேணும். ஜூன் சம்பளம் கொடுத்துருவேன். அதுக்கு மேல என்னால முடியாது. இத மே மாசமே சொல்லியிருக்கணும்."

வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. முக்கில் வண்டியை நிறுத்தியதும் பையை இறக்கிக்கொண்டாள்.

"முப்பதாந்தேதி வரைக்கும் வாரன். நடுவுல வேற ஊடு கெடச்சுதுன்னா நின்னுக்குவன். சொல்லீட்டு நிக்கோணும்னு எதிர்பாக்காதீங்க. நீங்களுந்தான் சொல்லல."

"சரி" என்றேன்.

"இந்தச் சரியத்தான் அப்பவும் சொன்னீங்க" என்றாள். பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ரேணுகாவின் சந்துக்குள் போனாள்.

மாலையில் அவள் வரவில்லை. பாத்திரங்களை நானே கழுவினேன். ஆறு மணிக்கு ஜெயந்தி கேட்டருகே வந்து, "வேல போயிருச்சாமுங்களே?" என்றார். ஆமாங்க என்றேன். அவர் இன்னும் ஏதோ கேட்கத் தயாராக வந்திருந்தார் போலும். நான் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டதில் ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

தண்டபாணி வந்ததும் சமையலறை மூலையைப் பார்த்தார்.

"அரிசி எங்க?"

"கொடுத்துட்டேன்."

"அவளுக்கேவா?"

"அவளுக்கே."

செருப்பைக் கழற்றினார். பிறகு கைகால் கழுவிக்கொண்டு வந்து, வாரத்தில் நான்காம் முறையாக அரிசிம்பருப்புச் சாதத்தைச் சாப்பிட்டார். போன வாரம் எவ்வளவு ஆயிற்று என்று கேட்டார். ஆயிரத்து ஐந்நூற்று இருபது என்றேன். தோராயமாக இல்லை.

இந்தத் தெருவில் பேச்சு ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போக நேரமாகாது. ஜெயந்தியின் மகள் இலக்கியாவோடு படித்தவள். தட்டைக்கூட எடுக்காமல் இலக்கியாவை அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"சொல்லும்மா" என்றாள்.

சொன்னேன்.